தஞ்சை ஜில்லா போர்டின் ஏடுகளைக் காப்பாற்றுங்கள்

தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைக்கும், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

மயிலாடுதுறையில் புறப்பட்டு திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை போகும் ரயில் பாதையைப் போட்டது யார் என்று டெல்டாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள். அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியில் ரூபாய்க்கு 3 பைசா வீதம், அதாவது 192 பைசா கொண்ட பழைய ரூபாயில் 64-இல் ஒரு பங்கு, ரயிலுக்கென்று தனியாக வசூலித்துச் சேர்த்த பணம் அது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. 1903-க்குள் அது அறந்தாங்கியைத் தொட்டது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை போர்டின் சொத்து. வருமானத்தில் போர்டுக்குப் பங்கு வந்தது. இந்த வழியைப் பார்த்துப் பிற ஜில்லா போர்டுகளும் இறங்கின. கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்கும், கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாதை கண்டன.

ஒரு மாவட்டத்தின் கிராமப்புற உள்ளாட்சி அமைப்பு, தன் குடிகளின் வரிப்பணத்தில் ரயில் பாதைக்குச் சொந்தக்காரனாக இருந்தது. இதை இன்று அந்த ரயிலில் போகிறவர்களே அறியவில்லை. அறியச் செய்யும் ஏடுகள் எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் இந்த மடலின் கவலை. ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பழைய பீரோக்களின் நிலை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போர்டு என்பது என்ன என்று இன்றைய இளம் அலுவலர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் லோக்கல் ஃபண்டு என்ற தல நிதி ஏற்பட்டது. சாலைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் செலவிட நிலவரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி வந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து 1884-இல் சென்னை உள்ளூர் வாரியங்கள் சட்டம் பிறந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, அதன் கீழே தாலுகா போர்டுகள், சிறு ஊர்களுக்கு யூனியன்கள் என்று மூன்றடுக்கு அமைந்தது. தொடக்கத்தில் ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டரேதான். உறுப்பினர்களில் பலர் நியமனத்தில் வந்த மிராசுதார்கள், வக்கீல்கள். 1920 சட்டத்தையொட்டிய ஆண்டுகளில்தான் தலைவர் நாற்காலி அதிகாரிகளிடமிருந்து அதிகாரியல்லாதவர்கள் கைக்கு வந்தது. 1934-இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. 1958-இல் வந்த சட்டங்கள் ஜில்லா போர்டுகளுக்கு முடிவு கட்டின. 1960, 1961-இல் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைய, போர்டின் வேலைகள் பல துறைகளுக்குப் பிரிந்து போயின. லோக்கல் ஃபண்டு என்ற பெயர் மட்டும் கம்பத்திலும் காயல்பட்டினத்திலும் எல்.எஃப். ரோடு என்று தெருப்பெயராக மிஞ்சி நிற்கிறது.

பிரிந்து போனது எப்படி என்பதில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்குப் போயின. தொடக்கப்பள்ளிகள் ஒன்றியத்துக்கு வந்தன. மருத்துவமனைகள் அரசு மருத்துவமனைகளாயின. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் கலெக்டரின் பொறுப்புக்குச் சென்றன. போர்டு உயர்நிலைப் பள்ளிகள் கல்வித்துறையின் மேற்பார்வையில் தனியாக இருந்து, 1970-இல் அரசுப் பள்ளிகளோடு இணைந்தன. அந்த ஆசிரியர்களை 'பி விங்' என்றும் பழைய அரசுப் பள்ளி ஆசிரியர்களை 'ஏ விங்' என்றும் பிரித்துப் பணிமூப்புக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியதை மூத்த ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். சொத்து போன இடத்துக்கு அதன் கோப்பும் போயிற்று. சில இடங்களில் சொத்து போயிற்று, கோப்பு போகவில்லை. யாருக்கும் உரியதில்லை என்று ஆன கோப்புக்குத் துறையும் இல்லை, அலமாரியும் இல்லை.

அதன் பிறகு மாவட்டமே பிரிந்தது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அறந்தாங்கி அதில் சேர்ந்தது. 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. ஒரே போர்டு ஆண்ட நிலப்பரப்பு இன்று ஐந்து மாவட்ட ஆட்சியர்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவினையின்போதும் நடப்புக் கோப்புகளைக் கணக்குப் பார்த்துக் கட்டி லாரியில் ஏற்றினோம். நடப்பில் இல்லாத பழைய கட்டுகளை யாரும் கேட்கவில்லை. கேட்காத கட்டு மூலையில் கிடந்தது. நான் பணியில் இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் வெள்ளையடிப்பதற்காக அப்படிப்பட்ட கட்டுகளை வெளியே எடுத்துப் போட்டு, பிறகு பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஊழியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எதை வைப்பது, எதை அழிப்பது என்று ஒரு கோப்பை முடிக்கும்போதே ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்று குறித்துவிடுகிறோம். நிரந்தரமாக வைக்க வேண்டியது ஆர்.டிஸ். மட்டுமே. அந்தக் குறி அலுவலகத் தேவைக்காக இடப்பட்டது. வரலாற்றுக்கு எது வேண்டும் என்று கேட்டு இடப்பட்டதில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எல்லாம் இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே அரசாணைகள் இருக்கின்றன. உள்ளூர் வாரியங்களின் நிர்வாக அறிக்கைகள் அச்சில் இருக்கின்றன. அவை அரசின் பக்கத்து ஏடுகள். போர்டு ஒன்றைக் கேட்டது, அரசு ஒப்புக்கொண்டது அல்லது மறுத்தது என்பது அவற்றில் தெரியும். கூட்டத்தில் யார் எழுந்து எதற்காகப் பேசினார், எந்த ஊர்க்காரர்கள் பாலம் கேட்டு மனுக் கொடுத்தார்கள், எந்தத் தெருப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க யார் தடுத்தார்கள், சாலையோரப் புளிய மரங்களின் மகசூல் ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று, ஓடத்துறையையும் வாரச்சந்தையையும் குத்தகைக்கு எடுத்தவர் யார் என்பதெல்லாம் போர்டின் மினிட் புத்தகம் எனப்படும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டிலும், ஏலப் பதிவேட்டிலும், சாலைப் பதிவேட்டிலும், ஆசிரியர்களின் பணிப் பதிவேட்டிலும்தான் கிடக்கும். ஒரு மாவட்டத்து மக்களின் அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் ஏடு வேறில்லை.

தஞ்சை போர்டின் காலத்தில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். ஏ.டி. பன்னீர்செல்வம் 1924 முதல் 1930 வரை அதன் தலைவராக இருந்தார். அவர் பொறுப்புக்கு வந்த ஆண்டிலேதான் காவிரியும் கொள்ளிடமும் கரை புரண்ட ஜூலைப் பெருவெள்ளம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சத்திரங்கள் போர்டின் பொறுப்பில் இருந்தன. இரண்டாம் சரபோஜி முக்தாம்பாளின் நினைவாகக் கட்டிய ஒரத்தநாட்டுச் சத்திரம் அவற்றுள் ஒன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பிராமணரல்லாத வீட்டுப் பிள்ளைகள், தங்கி உண்டு படிப்பதற்கான விடுதிகளாக ஒரத்தநாடு, ராசாமடம் சத்திரங்களைப் பன்னீர்செல்வம் மாற்றினார். சமஸ்கிருதக் கல்லூரியாக இருந்த திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழுக்கு இடம் பிறந்ததும் அவர் காலத்தில்தான். அந்தக் கல்லூரியில் படித்துத் தமிழாசிரியரானவர்கள் இந்த மாநிலத்தின் எத்தனையோ பள்ளிகளில் பாடம் சொன்னார்கள். பன்னீர்செல்வம் 1940 மார்ச் 1-ஆம் நாள் ஹனிபால் விமானத்தோடு ஓமன் கடற்பகுதியில் மறைந்து போனார். அவரைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். சத்திரத்து விடுதிக்கான தீர்மானம் போர்டில் வந்த நாளில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதை அந்தக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது பேசி நான் கேட்டதில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தைக் கட்டி எழுப்பிய உமாமகேசுவரம் பிள்ளையைத் தமிழ் உலகம் தமிழவேள் என்று போற்றுகிறது. அவர் தஞ்சைத் தாலுகா போர்டின் தலைவராகவும் இருந்தார். கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் திறப்பதில் பெரும் அக்கறை காட்டினார். ஒரு தமிழறிஞர் எந்தக் கிராமத்தில் எந்த ஆண்டு பள்ளி திறந்தார் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட முடிந்தால், இன்று மாணவர் குறைவு என்று மூடும் விளிம்பில் நிற்கும் ஒன்றியப் பள்ளிகள் சிலவற்றின் வேர் அங்கே தென்படும் என்று நம்புகிறேன்.

போர்டு பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வரி கட்டியவருக்கே வாக்கு என்ற காலம் அது. நிலமில்லாத பண்ணையாளுக்கு அங்கே குரல் இல்லை. தஞ்சையில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் தலைவரின் கையில் இருந்ததால், அவருக்கு வேண்டியவர் வீட்டுக்கு அருகில் வேலை பார்த்தார், வேண்டாதவர் கடலோரக் கிராமத்துக்குத் தூக்கி எறியப்பட்டார். ஒப்பந்த வேலைகளில் கட்சி பார்த்தார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே போர்டுச் சாலைகளும் போர்டுக் கிணறுகளும் அதுவரை எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி. அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு தஞ்சைக் கிராமங்களில் எது மாறியது, எது மாறவில்லை, யார் புகார் கொடுத்தார், போர்டு என்ன பதில் சொன்னது? இதைத் தெரிந்துகொள்வதற்கும் அதே கட்டுகள்தான் வேண்டும். பெருமைக்காக மட்டும் நான் இவற்றைக் கேட்கவில்லை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. அலுவலர்களுக்கு இது உடனே விளங்கும். போர்டு காலத்தில் மிராசுதார்கள் பள்ளிக்கென்று எழுதிக்கொடுத்த நிலங்கள் ஏராளம். நன்கொடைப் பத்திரத்தின் நகல் போர்டின் சொத்துப் பதிவேட்டோடு இருந்திருக்கும். பதிவேடு இல்லாததால், மூன்றாம் தலைமுறை வாரிசு வந்து நிலத்தை உரிமை கொண்டாடும்போது தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நிலத்தின் உரிமையாளர் விவரத்தைச் சொல்லும் கிராம 'அ' பதிவேடுகளில் நான் பார்த்த சிலவற்றில் உரிமையாளர் பகுதியில் ஜில்லா போர்டு என்றே இன்னும் இருக்கிறது. 60 ஆண்டுகளுக்கு முன் கலைந்த அமைப்பின் பெயரில் நிலம் கிடந்தால் கழிப்பறை கட்ட அனுமதி வாங்குவதற்குள் இரண்டு தலைமையாசிரியர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். குளக்கரை, சந்தைத் திடல், வண்டிப்பேட்டை, சாவடி என்று போர்டின் பொறுப்பில் இருந்த இடங்களில் எத்தனை இன்று தனியார் சுவருக்குள் போய்விட்டன என்று கணக்கெடுக்க எந்த ஆதாரத்தைக் கொண்டு தொடங்குவது?

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். 1958-இல் ஜில்லா போர்டு போன இடத்தில் வந்தது மாவட்ட வளர்ச்சி மன்றம். அதற்குத் தலைவர் கலெக்டர். வேலை ஆலோசனை சொல்வது. ஒன்றியத்தை வலுவாக்கியதில் அன்றைய அரசுக்கு நல்ல நோக்கம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஒன்றியம் கிராமத்துக்கு நெருக்கமானது; நான் உண்ட சோறும் அதனுடையது. ஆனால் மாவட்ட அளவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பு என்று ஒன்று 1996 வரை இல்லாமலே போயிற்று. 1994 சட்டத்தின்படி வந்த மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. ரூபாய்க்கு 3 பைசா போட்டு ரயில் விட்ட போர்டின் இடத்தில், சொந்தமாக ஒரு காசு வசூலிக்க முடியாத மன்றம் உட்கார்ந்திருக்கிறது. தேர்தலும் ஒழுங்காக வருவதில்லை. 1970-க்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996. 2016-இல் பதவிக்காலம் முடிந்து 2019 கடைசி வரை தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள். மாவட்ட ஊராட்சி உறுப்பினராக நாளை வரப்போகிறவருக்கு, தன் நாற்காலியின் முன்னோர் எதையெல்லாம் செய்தார்கள் என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? தஞ்சையில் பனகல் கட்டடத்தின் முன்னால் வாரம் தவறாமல் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. அது ஜில்லா போர்டு காலத்தில் எழுந்த கட்டடம், நீதிக்கட்சியின் பனகல் அரசர் பெயர் தாங்கியது என்பதைச் சொல்ல வாசலில் ஒரு பலகை இருந்தால் முழக்கமிட வருகிறவர்களும் படிப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவதும் மிக அவசரமானதும், 1961-க்கு முந்திய எந்த உள்ளாட்சிக் கோப்பையும் பதிவேட்டையும் அடுத்த உத்தரவு வரும் வரை அழிக்கக்கூடாது என்று ஊரக வளர்ச்சித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஒரு கையெழுத்து போதும். அந்தச் சுற்றறிக்கை ஒன்றிய அலுவலகங்களோடு நிற்காமல் நெடுஞ்சாலை, கல்வி, மருத்துவம், வருவாய் அலுவலகங்களுக்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலகங்களுக்கும் போக வேண்டும், ஏனென்றால் போர்டின் ஏடுகள் அங்கெல்லாம் சிதறியிருக்கின்றன. சத்திர நிர்வாகத்தின் பழைய கணக்குகளைத் தனியாகவே கவனிக்க வேண்டும். மராட்டியர் காலத்துக் கொடைகள் வரை பின்னோக்கிப் போகக்கூடியவை அவை.

அடுத்து, ஐந்து ஆட்சியர்களும் சேர்ந்து ஒரே பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் போட்டால் பயன் இல்லை. பட்டுக்கோட்டைச் சாலைக்கான கோப்பின் ஒரு பாதி தஞ்சாவூரிலும் மறுபாதி திருவாரூரிலும் இருக்கும். ரயில் பாதையைப் பற்றிய கட்டு அறந்தாங்கியில் இருந்தாலும் வியப்பில்லை. பட்டியல் முடிந்ததும் மினிட் புத்தகங்களையும் சொத்துப் பதிவேடுகளையும் ஆவணக் காப்பகம் ஏற்று, மின்படி எடுத்து, இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மூல ஏட்டைத் தஞ்சையிலேயே பாதுகாப்பான ஓரிடத்தில் வைப்பதா, எழும்பூருக்குக் கொண்டுபோவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கூரை ஒழுகாத இடமாக இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்து அரசுக் கட்டடங்களை என்ன செய்தது என்பதை அந்தப் பகுதியின் அலுவலர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த புயலுக்கு முன் இந்த வேலை முடிய வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒன்று கேட்கிறேன். போர்டு தொடங்கிய பள்ளிகள் பல நூறாண்டைத் தாண்டிவிட்டன. நூற்றாண்டு விழா எடுக்கும் பள்ளி தன் தொடக்க ஆண்டை ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியில் தேடுகிறது. சேர்க்கைப் பதிவேட்டின் முதல் ஏட்டை ஒவ்வொரு பள்ளியும் படமெடுத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினாலே போதும். எந்த ஆண்டு, எந்தச் சாதித் தெருவிலிருந்து, எத்தனை பெண் பிள்ளைகள் முதன்முதலில் வந்தார்கள் என்று ஒரு மாவட்டத்தின் கல்வி வரலாறு தானாகத் திரண்டு வரும்.

ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றியங்களிலும் வருவாய்த் துறையிலும் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கையெழுத்து ஆங்கிலமும், அணா பைசாக் கணக்கும், வேலி, மா, குழி அளவும் அவர்களுக்குப் படிக்க வரும். பிறகு வரப்போகிறவர்களுக்கு வராது. ஊதியம் கேட்காமல் வரக்கூடிய சிலரை நான் அறிவேன், நானும் வருகிறேன். எங்களுக்கு வேண்டியது பழைய அறையைத் திறந்து பார்க்க எழுத்து மூலமான அனுமதியும், தூசி தட்டிக் கட்டுகளை வரிசைப்படுத்த ஒரு மேசையும்தான். அனுமதி ஆணை எந்த ஆட்சியர் அலுவலகத்திலிருந்து முதலில் வருகிறதோ, அந்த மாவட்டத்தில் வேலையைத் தொடங்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்